எண்டர் தட்டினா ஃபோகஸ் எங்கயோ போயிருது – வாழை மண்டி பில்லிங் புரோகிராம், உதவி வேணும்

களக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க, ஏன்னா என் புரோகிராமால ஒரு விவசாயிக்கு துட்டு கொறஞ்சு போச்சு, மறுநாளே திருப்பிக் குடுத்தாச்சுன்னாலும் எனக்கு இன்னும் மனசு ஆறல.

எங்க பெரிப்பாவுக்கு களக்காட்டுல வாழைக்காய் கமிஷன் மண்டி. அங்க பல வருசமா ஒரு டாஸ் புரோகிராம் ஓடுச்சு, அந்த கம்ப்யூட்டர் செத்துப் போனதும் நான் சி ஷார்ப் மொழியில, விண்டோஸ் ஜன்னல் கட்டுத வின்ஃபார்ம்ஸ் வச்சு புதுசா எழுதிக் குடுத்தேன். ஒரே ஸ்கிரீன்தான். விவசாயி நம்பர், ரகம், தார் எண்ணிக்கை, விலை. விலையில எண்டர் தட்டினா பில் சேவ் ஆயிரும், கர்சர் திரும்ப விவசாயி நம்பருக்கு வந்துரும். அடிக்கிறது எந்தக் கட்டத்துல போயி விழுமோ, ஃபோகஸ் அங்க இருக்குன்னு அர்த்தம்.

அடிக்கிறது எங்க கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, வயசு 62. அவரு ஸ்கிரீனைப் பாக்கவே மாட்டாரு. இடது கையில துண்டுச் சீட்டுக் கட்டு, வலது கை நம்பர் பேட்ல, கண்ணு சீட்டுலயே இருக்கும். காலையில தார் இறங்குத நேரத்துல அவரு விரல் நிக்காம ஓடும், பாக்கவே அழகா இருக்கும்.

போன வாரம் என்ன ஆச்சுன்னா, பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க பேக்கப் எடுக்க ஒரு டைமர் போட்டுருந்தேன், முடிஞ்சதும் "பேக்கப் முடிந்தது"ன்னு ஒரு மெசேஜ் பாக்ஸ் வரும். திருக்குறுங்குடிக்காரர் ஒருத்தரோட சீட்டு, ஏத்தன் 42 தார், விலை 310. அண்ணாச்சி 42 அடிச்சு எண்டர் தட்டி கர்சர் விலைக்கு வந்த நேரத்துல மெசேஜ் பாக்ஸ் வந்து நின்னுருக்கு. அவரு அடிச்ச 310 எங்கயும் போகல, அடுத்து தட்டின எண்டர் அந்த பாக்ஸை மூடிருச்சு. அவருக்குத் தெரியாதுல்லா, அடுத்த சீட்டை எடுத்து விவசாயி நம்பர் 117ன்னு அடிச்சு எண்டர் தட்டிட்டாரு. அது முந்தின சீட்டோட விலையில போயி உக்காந்து பில்லும் சேவ் ஆயிட்டு. 13,020 ரூவா வரவேண்டிய ஆளுக்கு 4,914ன்னு ரசீது. சாயந்திரம் அவரு ரசீதைக் கையில வச்சுக்கிட்டு வந்து "அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்"னு கேட்டாரு பாருங்க, எங்க கணக்குப்பிள்ளைக்கு முகமே செத்துப் போச்சு. நாப்பது வருசமா அவரு கணக்குல ஒரு பிசகு வந்ததில்ல.

அந்த மெசேஜ் பாக்ஸை அன்னைக்கே தூக்கிட்டேன். ஆனா இன்னும் நாலு கோளாறு இருக்கு, ஒண்ணைத் தீத்தா இன்னொண்ணு கெளம்புது. புரோகிராம் திறந்ததும் கர்சர் விவசாயி நம்பர்ல நிக்க மாட்டேங்கு, ஃபார்ம், அதாவது அந்த ஜன்னல், திறக்கும்போது ஓடுத லோடு ஈவென்ட்ல ஃபோகஸ் கூப்பிட்டுத்தான் இருக்கேன். எண்டர் தட்டும்போதெல்லாம் டிங்குன்னு சத்தம். தப்பான நம்பர் அடிச்சா, அடிச்சது சரியான்னு பாக்குத வேலிடேட்டிங் ஈவென்ட்ல கேன்சல் பண்ணி மெசேஜ் காட்டுதேன், ஆனா அதுக்குப் பொறவு எந்தப் பட்டனையும் அமுக்க முடியல, ஜன்னலையே மூட முடியல, ஒரு நாள் அண்ணாச்சி மெயினை ஆஃப் பண்ணிட்டாரு. கடைசியா, ஒரே பில் ரெண்டு தடவை சேவ் ஆவக்கூடாதுன்னு சேவ் நடக்கும்போது கட்டமெல்லாம் இருக்க பேனலையே டிஸேபிள் பண்ணினேன், இப்ப ஃபோகஸ் "கடைசி பில்லை அழி" பட்டன்ல போயி நிக்கி. இதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாளை_நிரலாளி எழுதியது:

தம்பி, மொதல்ல அந்த அழி பட்டன் விசயத்தைப் பாப்போம், அதுதான் ஆபத்து.

வின்ஃபார்ம்ஸ்ல ஃபோகஸ் உள்ள ஒரு கண்ட்ரோலையோ (கட்டம், பட்டன் எல்லாம் கண்ட்ரோல்தான்), அது இருக்க பேனலையோ டிஸேபிள் பண்ணினா, ஃபோகஸை அந்தரத்துல விடக்கூடாதுன்னு டேப் வரிசையில அடுத்து எது இருக்கோ அதுகிட்ட அதுவே தள்ளிவிட்டுரும். உங்களுக்கு பேனலுக்கு அடுத்து அழி பட்டன் இருந்திருக்கும். நீங்க சேவ் முடிஞ்சதும் விவசாயி நம்பருக்கு ஃபோகஸ் கூப்பிட்டிருப்பீங்க, ஆனா பேனலைத் திரும்ப எனேபிள் பண்றதுக்கு முன்னாடி கூப்பிட்டிருப்பீங்கன்னு நினைக்கேன். டிஸேபிள் ஆன கண்ட்ரோல் ஃபோகஸ் வாங்காது, எர்ரரும் வராது, சும்மா ஃபால்ஸ்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிரும், நாம யாரும் அந்த பதிலைப் பாக்கிறதே இல்ல. வரிசையை மாத்துங்க, மொதல்ல எனேபிள், பொறவு ஃபோகஸ். அதைவிட நல்லது, பேனலை டிஸேபிளே பண்ணாம "சேவ் நடக்கு"ன்னு ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் வைக்குத ஒரு பூலியன் வச்சுக்கிட்டு அது ட்ரூவா இருந்தா ரெண்டாவது எண்டரைக் கண்டுக்காம விடுங்க. ஃபோகஸ் அசையவே அசையாது. அழி பட்டனை அந்த ஸ்கிரீனை விட்டே எடுத்து மெனுவுக்குள்ள போடுங்க, கண்ணு மூடி அடிக்கிற ஆளு பக்கத்துல அது இருக்கவே கூடாது.

லோடு நடக்கும்போது ஃபார்ம் இன்னும் கண்ணுக்குத் தெரியல, அதனாலதான் ஃபோகஸ் அங்க வேலை செய்யல. ஃபார்மோட ஆக்டிவ் கண்ட்ரோல் பிராப்பர்ட்டில விவசாயி நம்பர் டெக்ஸ்ட் பாக்ஸைக் குடுங்க, இல்லன்னா ஷோன் ஈவென்ட்ல கூப்பிடுங்க.

டிங் சத்தம், ஒத்தை வரி டெக்ஸ்ட் பாக்ஸுக்கு எண்டரை வச்சு என்ன செய்யன்னு தெரியாததால வருது. கீ டவுன்ல எண்டரைப் பிடிச்சு, செலக்ட் நெக்ஸ்ட் கண்ட்ரோல் கூப்பிட்டு, சப்ரஸ் கீ பிரஸ்ஸை ட்ரூ ஆக்கிருங்க, சத்தம் போயிரும். டேப் கீயை அனுப்புற மாதிரி சென்ட் கீஸ் எழுதியிருந்தா அதை எடுத்துருங்க, அதுவும் அந்த நேரத்துல ஃபோகஸ் எங்க இருக்கோ அங்கதான் போயி விழும், பக்கத்து ஜன்னல்லகூட விழுந்துரும். இன்னொண்ணு, ஃபார்ம்ல ஆக்சப்ட் பட்டன் எதுவும் குடுத்து வச்சுருக்காதீங்க. குடுத்தா எண்டர் உங்க கீ டவுனுக்கே வராது, நேரா அந்தப் பட்டனை அமுக்கிரும்.

வேலிடேட்டிங் விசயம் கொஞ்சம் பெருசு. கேன்சல் பண்ணினா ஃபோகஸ் அந்த பாக்ஸை விட்டு நகராது, வேற எந்தப் பட்டனுக்கும் போகாது, ஃபார்மை மூடவும் விடாது. ரத்து பட்டனுக்கு காசஸ் வேலிடேஷனை ஃபால்ஸ் ஆக்குங்க. ஃபார்ம் குளோசிங்ல கேன்சலைத் திரும்ப ஃபால்ஸ் ஆக்குங்க, அப்ப மூடலாம். ரொம்ப முக்கியம், என்டர், லீவ், காட் ஃபோகஸ், லாஸ்ட் ஃபோகஸ், வேலிடேட்டிங் இந்த ஈவென்ட்டுக்குள்ள வச்சு இன்னொரு கண்ட்ரோலுக்கு ஃபோகஸ் மாத்தாதீங்க, புரோகிராமே தொங்கிரும்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமென்ட்லயே எழுதியிருக்கு. ஃபோகஸ் பாதி வழியில இருக்கும்போது அதைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி அது. அதோட இந்த ஈவென்ட்டெல்லாம் வார வரிசையும் ஒண்ணு போல இல்ல. கீபோர்டுல நகந்தா லீவ், வேலிடேட்டிங், வேலிடேட்டட் முடிஞ்ச பொறவுதான் லாஸ்ட் ஃபோகஸ். மவுஸ்ல நகந்தாலோ ஃபோகஸ் மெத்தட் கூப்பிட்டாலோ லாஸ்ட் ஃபோகஸ் முந்திக்கிட்டு வந்துரும். நம்ம டெஸ்டு மவுஸ்ல பண்ணுவோம், அண்ணாச்சி கீபோர்டுல அடிப்பாரு, நமக்கு சரியா இருக்கும் அவருக்கு தப்பா இருக்கும். கண்டிப்பா மாத்தணும்னா பிகின் இன்வோக்ல போடுங்க, நடந்துக்கிட்டு இருக்க சோலி முடிஞ்ச பொறவு அது நடக்கும்.

மெசேஜ் பாக்ஸைத் தூக்கினது ரொம்ப சரி. பேக்கப் முடிஞ்ச தாக்கலை கீழ ஸ்டேட்டஸ் ஸ்ட்ரிப்ல ஒரு வரியாப் போடுங்க. தனி ஜன்னல்தான் வேணும்னா அந்த ஃபார்ம்ல ஷோ வித்அவுட் ஆக்டிவேஷனை ஓவர்ரைடு பண்ணி ட்ரூ திருப்புங்க, வரும் ஆனா ஃபோகஸைப் பறிக்காது. பின்னாடி இருக்க ஒரு புரோகிராம் நெனச்ச நேரத்துக்கு முன்னாடி வந்து குதிக்கக்கூடாதுன்னு விண்டோஸ் 98, 2000 காலத்துலயே கட்டுப்பாடு போட்டுட்டாங்க, இப்ப கீழ டாஸ்க்பார்ல அது மின்ன மட்டும் செய்யும். ஆனா நம்ம புரோகிராமே நம்ம ஃபோகஸைப் பறிச்சா விண்டோஸ் என்ன செய்ய முடியும், அது நம்ம பொறுப்புதான்.

---

வாகையடிமுக்கு எழுதியது:

தம்பி, நான் 1990கள்ல டவுன்ல கடைகளுக்கு ஃபாக்ஸ்ப்ரோல புரோகிராம் எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தவன். உங்க கணக்குப்பிள்ளை எதை மனசுல வச்சு அடிக்காருன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தக் காலத்துல ரீட்னு, கட்டமெல்லாம் அடிச்சு வாங்குத கட்டளை ஒண்ணு ஓடிச்சுன்னா ஸ்கிரீன் முழுக்க அவருக்குத்தான் சொந்தம். எண்டர் தட்டினா அடுத்த கெட், அதாவது அடுத்த கட்டம், வேற எங்கயும் போகாது. அடிச்சதைச் சரி பாக்குத வாலிட்ல ஃபால்ஸ் வந்தா கர்சர் அங்கனயே நிக்கும், ஆனா எஸ்கேப் தட்டினா எப்பவும் வெளிய வந்துரலாம், வாலிட் அங்க குறுக்க நிக்காது. நீரு வேலிடேட்டிங்ல மாட்டிக்கிட்டது அந்த எஸ்கேப் வழி இல்லாததாலதான். செட் கன்ஃபர்ம் ஆஃப்ல இருந்தா கட்டம் நெறஞ்சதும் கர்சரே அடுத்ததுக்குத் தாவும், மூணு இலக்க கட்டத்துல மூணாவது எண் அடிச்சதும் பீப் அடிச்சிட்டு நகந்துரும். நான் எல்லாக் கடையிலயும் ஆன்ல வச்சுதான் குடுப்பேன். ஏன்னா சில கட்டத்துல எண்டர் வேணும் சில கட்டத்துல வேண்டாம்னு இருந்தா விரலுக்கு தாளம் கெட்டுப் போகும், ஒரு எண்டர் கூடவோ கொறையவோ விழுந்தா அன்னைக்கு முழுக்க ஒரு கட்டம் தள்ளித் தள்ளிதான் போகும். உங்களுக்கு நடந்ததும் அதுதான, ஒரு எண்டரை மெசேஜ் பாக்ஸ் தின்னுட்டு.

பார்கோடு ஸ்கேனர் வச்சுருக்க கடைக்காரங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும். அனேக ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். ஃபோகஸ் எங்க இருக்கோ அங்க பதிமூணு எண்ணையும் கொட்டிட்டு எண்டரும் தட்டிரும். ஒரு கடையில கர்சர் "அளவு" கட்டத்துல நின்ன நேரத்துல ஸ்கேன் பண்ணிட்டாங்க, ஒரு சோப்புக்கு பதிமூணு இலக்கத்துல பில்லு வந்துச்சு. அது கண்ணுக்குத் தெரியுத தப்பு, உடனே பிடிச்சுட்டாங்க. உங்க 117 மாதிரி நம்பும்படியா வார தப்புதான் கஷ்டம்.

அதுக்கு நான் ஒண்ணு செய்வேன். விலைக் கட்டத்தை விட்டு வெளிய வரும்போது, அன்னைக்கு அந்த ரகத்துக்குப் போயிட்டு இருக்க விலையோட ஒத்துப் பாருங்க. ஏத்தன் 300, 320ன்னு ஓடும்போது 117 வந்தா ஒரு தடவை வேற மாதிரி சத்தம் குடுத்து கர்சரை அங்கனயே நிறுத்துங்க. அவரு நிமிந்து பாப்பாரு. சரியான விலைதான்னா இன்னொரு எண்டர், போயிரும். மெசேஜ் பாக்ஸ் வேண்டாம், சத்தம் போதும். கண்ணு சீட்டுல இருக்க ஆளுக்கு காது வழியாத்தான் சொல்லணும்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு கண் பார்வை கிடையாது, பாளையங்கோட்டைல ஒரு ஆபீஸ்ல டேட்டா எண்ட்ரி பாக்கேன். 19ஆம் நூத்தாண்டு முடியுததுக்குள்ளயே பார்வை இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்துட்ட ஊரு இது, ஆனா இன்னைக்கும் எங்க கைக்கு வார சாஃப்ட்வேர்ல பாதி மவுஸ் இல்லாம நகராது.

மேல வாகையடிமுக்கு அண்ணாச்சி காது வழியா சொல்லணும்னு எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. களக்காட்டுத் தம்பி, உங்க கணக்குப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்தான், ரெண்டு பேருமே ஸ்கிரீனைப் பாக்கல. நான் என்விடிஏ வச்சு வேலை பாக்கேன், 2006ல ஆஸ்திரேலியாவுல தொடங்கின இலவச ஸ்கிரீன் ரீடர், ஃபோகஸ் எங்க போகுதோ அதை வாசிச்சுச் சொல்லும். ஃபோகஸ்தான் எனக்குக் கண்ணு. அது திடீர்னு வேற எங்கயாவது போனா, நடந்துக்கிட்டு இருக்கும்போது யாரோ தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்ட மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் பாத்து நிக்கோம்னே தெரியாது.

நீங்க எழுதுத புரோகிராம் நாளைக்கு என்னை மாதிரி ஒரு ஆளு கையிலயும் வரலாம், அதனால சின்னதா சிலது சொல்லுதேன். ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் அதுக்குரிய லேபிளோட டேப் இண்டெக்ஸ், அதாவது டேப் வரிசை எண், சரியா ஒரு எண் முன்னாடி இருக்கணும். அப்பதான் "விவசாயி நம்பர்"னு வாசிக்கும், இல்லன்னா பக்கத்து லேபிளை வாசிச்சு ஆளைக் குழப்பிரும். ஒரு தடவை நான் அரை மணி நேரம் பின்கோடு கட்டத்துல போன் நம்பர் அடிச்சுக்கிட்டு இருந்தேன், அது "போன்"னு வாசிச்சதை நம்பி. லேபிளை அப்படி வைக்க முடியலன்னா, ஸ்கிரீன் ரீடர் வாசிக்குத ஆக்சசிபிள் நேம்ல எழுதிருங்க. லேபிள் எழுத்துல ஆம்பர்சண்ட் (&) போட்டு ஆல்ட் கீ குடுத்தீங்கன்னா அந்த லேபிளுக்கு அடுத்த கட்டத்துக்கு நேரா போகலாம், கண்ணு இருக்கவங்களுக்கும் அது வெரசா இருக்கும்.

கமிஷன், மொத்தம் மாதிரி வெறுமனே காட்டுத கட்டமெல்லாம் ரீட் ஒன்லின்னு விட்டா டேப் தட்டும்போது அதுலயும் நின்னுதான் போகும். கணக்குப்பிள்ளைக்கு அது வேண்டாம்னா டேப் ஸ்டாப்பை ஃபால்ஸ் ஆக்குங்க, ஆனா மொத்தத்தை நான் எப்படிக் கேக்கன்னு ஒரு வழி வைங்க, ஒரு ஆல்ட் கீயாவது. பாளை அண்ணன் சொன்ன ஸ்டேட்டஸ் ஸ்ட்ரிப் நல்லதுதான், என்விடிஏல இன்செர்ட்டும் எண்டும் சேத்து அமுக்கினா அதை வாசிக்கும், எனக்கு எப்ப வேணுமோ அப்பக் கேட்டுக்குவேன்.

---

களக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டேன். பாளை அண்ணன் சொன்னது அப்படியே இருந்துச்சு, பேனலை எனேபிள் பண்றதுக்கு ரெண்டு வரி முன்னாடி ஃபோகஸ் கூப்பிட்டு வச்சுருக்கேன். இப்ப டிஸேபிளே கிடையாது, பூலியன்தான். அழி பட்டன் மெனுவுக்குப் போயிட்டு. எல்லாக் கட்டத்துலயும் எஸ்கேப் தட்டினா அந்தச் சீட்டு ரத்தாகி விவசாயி நம்பருக்கு வந்துரும்.

தாமிரபரணிக்கரை அக்கா, விசுவல் ஸ்டுடியோல வியூ மெனுவுல டேப் ஆர்டர் போட்டுப் பாத்தேன், ஒவ்வொரு கண்ட்ரோல் மேலயும் எண் தெரிஞ்சுது, பாத்தா லேபிளெல்லாம் 14, 15ன்னு கடைசில கெடந்துது. நீங்க சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. என்விடிஏ இறக்கி, கண்ணை மூடிக்கிட்டு முழு பில் ஒண்ணு போட்டுப் பாத்தேன். ரெண்டாவது கட்டத்துலயே ஒரு கோளாறு தெரிஞ்சுது, ரகம் கட்டத்துல பழைய ரகம் அப்படியே இருக்கு, புதுசா அடிச்சா அதோட ஒட்டிக்கிட்டு வருது.

இன்னும் ஒண்ணு கேக்கணும். புது விவசாயி சேக்குத ஸ்கிரீன்ல பேரு தமிழ்ல அடிக்கணும், அடுத்த கட்டம் ஊரு தமிழ், அதுக்கடுத்து பேங்க் ஐஎஃப்எஸ்சி ஆங்கில எழுத்து. அண்ணாச்சி கீபோர்டை மாத்த மறந்துருதாரு. இதையும் ஃபோகஸ் வச்சு செய்ய முடியுமா?

---

பாளை_நிரலாளி எழுதியது:

முடியும். பேரு கட்டத்தோட என்டர் ஈவென்ட்ல கரன்ட் இன்புட் லாங்குவேஜைத் தமிழுக்கு மாத்துங்க, லீவ்ல பழையதையே திரும்பக் குடுங்க. ஃபோகஸைத்தான் இங்க மாத்தக்கூடாது, கீபோர்டு மொழியை மாத்தலாம். தமிழ்னு பேரைத் தேடும்போது அந்த மெஷின்ல இன்ஸ்டால் ஆகியிருக்க இன்புட் மொழிப் பட்டியல்ல இருந்து எடுங்க, அது இல்லன்னா மாத்தாம விட்டுருங்க. விண்டோஸ்ல உள்ளயே இருக்க தமிழ் கீபோர்டுக்குத்தான் இது வேலை செய்யும், 2019 அப்டேட்ல இருந்து ஃபோனெடிக்கும் உள்ளயே வருது. தனியா போட்ட டைப்பிங் சாஃப்ட்வேர்னா அதோட ஆன் ஆஃப் அதுகிட்டதான் இருக்கும், நம்ம பேச்சைக் கேக்காது. அண்ணாச்சி எதுல அடிக்காருன்னு மொதல்ல பாத்துக்கோங்க.

ரகம் ஒட்டிக்கிறதுக்கு, என்டர் ஈவென்ட்ல செலக்ட் ஆல் கூப்பிடுங்க. தானா செலக்ட் ஆகும்னு நம்பாதீங்க, ஒரு தடவைதான் ஆகும், பொறவு ஆகாது. அங்கயே பேக் கலரை லேசா மஞ்சளாக்கி, லீவ்ல வெள்ளையாக்கிருங்க. அவரு எப்பவாவது நிமிந்து பாக்கும்போது எங்க நிக்கோம்னு ஒரு பார்வையில தெரியணும்.

---

களக்காட்டான் எழுதியது:

இன்னைக்குக் காலையில இறக்கம் முடிஞ்சுது, 86 சீட்டு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரே ஒரு தடவை விலைக் கட்டத்துல சத்தம் வந்துச்சு, அண்ணாச்சி நிமிந்து பாத்தாரு. ரசகதலிக்குப் பதிலா ஏத்தன் போட்டுருந்தாரு. எஸ்கேப் தட்டி அந்தச் சீட்டைத் திரும்ப அடிச்சாரு, என்கிட்ட ஒண்ணும் சொல்லல, அடுத்த சீட்டை எடுத்துட்டாரு.

பேரு கட்டத்துக்குத் தமிழ் மாத்துறதை நாளைக்குப் போடுதேன். அவரு அடிக்கிறது தமிழ்99 கீபோர்டுதான், விண்டோஸ்லயே இருக்கு, பாத்துட்டேன்.